படித்தவர் போனார், பெட்டி வந்தது!

"கைபேசி வந்துவிட்டது, இனி நூல் எதற்கு?" என்கிறார் ஒருவர். "கைபேசியால் இளைஞர் கெட்டனர்" என்று புலம்புகிறார் இன்னொருவர். இருவரும் கருவியைப் பார்க்கிறார்கள். அதன் கடிவாளம் யார் கையில் என்று பார்க்க மறுக்கிறார்கள். நாம் அதைத்தான் பார்க்க விரும்புகிறோம். அதற்குக் கியூபா வரை போய்வர வேண்டியிருக்கிறது, தோழர்களே!

1865-ஆம் ஆண்டு. ஹவானா நகரிலே, எல் ஃபீகரோ என்ற சுருட்டாலையிலே, தொழிலாளர் ஓர் ஏற்பாடு செய்தனர். கை புகையிலையைச் சுருட்டுகிறது, காது சும்மாதானே கிடக்கிறது? ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும்! படிப்பவருக்குக் கூலியை முதலாளியா தந்தார்? இல்லை. தொழிலாளரே தம் கூலியில் கிள்ளிக் கொடுத்தனர். இம்முறை பரவிய ஆலைகளிலே, எந்த நூல் என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தனர். செய்தித்தாள் ஒரு வேளை, ஹியூகோவும் டூமாவும் சோலாவும் ஒரு வேளை! எழுத்தறியாத ஏழை, பலகையை விட்டு எழாமலே பாரிஸ் நகரத் தெருக்களிலே உலவினான். மாண்டிகிறிஸ்டோ என்று இன்றும் ஒரு சுருட்டு விற்கிறதே, அது டூமாவின் கதை தந்த பெயர்!

பொறுத்ததா ஆதிக்கம்? மறு ஆண்டே, 1866-இல், ஸ்பானிய ஆளுநர் தடை போட்டார். வெடிகுண்டா செய்தார்கள்? புத்தகம் படித்தார்கள், ஐயா, புத்தகம்!

தடை நிலைக்கவில்லை. கடல் கடந்து அமெரிக்காவின் டாம்பா நகருக்குப் பிழைக்கச் சென்ற கியூபத் தொழிலாளர், படிப்பவரின் மேடையையும் உடன் கொண்டு சென்றனர். அங்கே 1931-இல் முதலாளிமார், படிப்பவர் புரட்சிக் கருத்தைப் பரப்புகிறார் என்று பழிசுமத்தி மேடையை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தோற்றனர். மேடை இருந்த ஆலையிலே வானொலிப் பெட்டி வந்து அமர்ந்தது.

வானொலி கெட்டதா? அல்ல. ஆனால் அதில் எது ஒலிக்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளி வாக்களிக்க முடிந்ததா?

இப்போது கைபேசிக்கு வருவோம். விரல் நம்முடையது, வரிசை நிறுவனத்துடையது. எந்தக் காட்சியில் எத்தனை நொடி நின்றோம் என்று கணக்கெடுத்து, அடுத்ததை அவன் ஊட்டுகிறான். இடையிலே விளம்பரத்தை விற்கிறான். படிக்கக் கேட்ட நூறு பேரும் கதைத்தலைவனுக்கு நூறு முகம் வரைந்தார்கள். திரையோ ஒரே முகத்தைக் கொடுத்து, அதையும் அரை நிமிடத்தில் பறித்துக்கொள்கிறது. வரையும் வேலை மனத்துக்கு இல்லாமற் போகிறது. இன்றில்லாத ஒரு நாளையை மனத்திலே வரையத் தெரியாதவன், அதைக் கேட்டுப் போராடுவது எங்ஙனம்?

கருவியை உடை என்று கூற நாம் கற்காலத்தவர் அல்லர். மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998 முதல் தமிழ் இலக்கியங்களை இணையத்திலே இலவசமாக ஏற்றிவருகிறது. அதே கைபேசியில் அவை திறக்கும். கேரளத்துக் கண்ணூரின் பீடித் தொழிலாளர், தமக்கு ஏடு படித்தவருடைய பங்குப் பீடியையும் தாமே சுற்றிக் கொடுத்தார்கள். தொலைவென்ன, பக்கத்து மாநிலம்தான்!

சங்க அலுவலகத்திலே, முடிதிருத்தகத்திலே, தேநீர்க்கடையிலே மாலை ஒரு மணி நேரம் ஒருவர் படிக்கட்டும், பத்துப்பேர் கேட்கட்டும். எந்த நூல் என்பதை நாம் சொல்லமாட்டோம், இந்த ஏடும் சொல்லக்கூடாது. கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள்.