கஷாயமும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும்!

தொப்பூர்க் கணவாயின் இரு மருங்கிலும் உள்ள கரடுகளில் ஆவாரையும் ஆடாதோடையும் நொச்சியும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்து நிற்கின்றன. ஒரு மழை பெய்தால் போதும், வரப்போரத்தில் கீழாநெல்லியும் தும்பையும் தாமே முளைக்கின்றன. இவற்றைப் பறிக்க எந்த முதலாளியின் சீட்டும் தேவையில்லை. விவசாயத் தொழிலாளி வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் முதலில் அடுப்பில் ஏறுவது சுக்கு, மிளகு போட்ட சட்டிதான். டாக்டரிடம் போவது இரண்டாவது யோசனை. போனால் ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போகும்.

இதைப் பற்றி நாட்டில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. பட்டணத்துப் படித்த கனவான்கள் சிலர், "பாட்டி வைத்தியமா, மூடநம்பிக்கை!" என்று சிரிக்கிறார்கள். இன்னொரு கூட்டத்தார், "இங்கிலீஷ் மருந்து எல்லாம் விஷம், நம் முன்னோருக்குத் தெரியாத நோய் உண்டா?" என்று மேடையில் முழங்குகிறார்கள். முழங்கிவிட்டுத் தங்களுக்கு நெஞ்சு வலி வந்தால் குளிர்சாதன ஆஸ்பத்திரிக்குக் காரில் போகிறார்கள். இந்த இரு கூட்டத்தாரோடும் நமக்கு உடன்பாடு கிடையாது.

முதல் கூட்டத்தாருக்கு ஒரு பதில். மருந்துக் கடையில் இருமலுக்குக் கொடுக்கிறார்களே புரோம்ஹெக்சின், அது எங்கிருந்து வந்தது? ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாக வைத்துத்தான் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதை உருவாக்கினார்கள். நம் பாட்டி இலையைக் கசக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தாள். கம்பெனிக்காரன் மாத்திரையாக்கி விலை போட்டான். இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது?

சீனத்தின் அனுபவம் இதைவிடப் பெரியது. 1967ல் வியத்நாம் மக்கள் அமெரிக்க ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தபோது, குண்டு ஒரு பக்கமும் மலேரியா ஒரு பக்கமும் அவர்களுடைய வீரர்களைச் சாய்த்தன. பழைய மருந்துக்கு அந்தக் காய்ச்சல் கட்டுப்படவில்லை. அவர்களுக்கு உதவ அந்த ஆண்டு மே 23ந் தேதி சீன அரசாங்கம் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் துவக்கியது. அதில் வேலை செய்த து யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். கிராமத்து வைத்தியர்களைத் தேடிப் போனார். ஒரு செடியின் மீது அவர் கவனம் விழுந்தது. ஆனால் கஷாயமாகக் காய்ச்சினால் அது சரியாக வேலை செய்யவில்லை! ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கோ ஹோங் என்ற வைத்தியர் எழுதிய குறிப்பில், இலையை நீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்தது. அடுப்பில் ஏற்றச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. சூடில்லாத முறையில் சாரம் எடுத்தார், 1971ல் வெற்றி கண்டார், முதலில் தம் உடம்பிலும் தோழர்கள் உடம்பிலுமே அதைச் சோதித்துப் பார்த்தார். அந்த ஆர்ட்டிமிசினின் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் ஏட்டைத் தூக்கி எறியவும் இல்லை, ஏட்டில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் இல்லை என்பதே. மக்களின் அறிவை விஞ்ஞானத்தின் உலைக்களத்தில் போட்டுத் தட்டிப் பார்த்தார்.

வீட்டு வைத்தியங்களில் எல்லாம் பெரிய வைத்தியம் ஒன்று உண்டு. அதற்கு மூலிகை கூட வேண்டாம். 1971ல் வங்காளத்தில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது, போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்து போயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் நீரும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது என்று போய்க்கொண்டிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. ஒவ்வொரு தாயும் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து; வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. சுகாதார நிலையத்தில் பொட்டலம் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் உதவும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்துகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது குழந்தையைக் கொல்லும் வழக்கம். கண் குழிந்து, சிறுநீர் போகாமல் குழந்தை துவண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இப்போது இரண்டாவது கூட்டத்தாருக்கு வருவோம்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பதை நம் பக்கத்தில் மறுப்பவர் கிடையாது. அந்தச் செடியைச் சென்னை விஞ்ஞானிகளே ஆராய்ந்து, 1988ல் லண்டன் மருத்துவ ஏடான லான்செட்டில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. இது செடியின் குற்றமல்ல. காமாலை என்பது ஒரே நோய் அல்ல என்பதுதான் விஷயம். அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும்; அந்தப் புகழ் இலைக்குப் போய்ச் சேருகிறது. ரத்தத்தின் வழியே வரும் பி வகை, பித்தப்பைக் கல், எலிக் காய்ச்சல், சாராயத்தால் கெட்ட ஈரல் — எல்லாவற்றிலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும். எது என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சோதித்துப் பார்த்த பிறகு, டாக்டருக்கும் தெரியப்படுத்திவிட்டு, மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. காமாலைக்குக் கையில் சூடு போடுகிறார்களே, அதை மட்டும் எந்தச் சபையிலும் எதிர்ப்போம்.

பாம்புக்கடி விஷயத்தில் இந்த அளவு தயவும் காட்ட முடியாது. சிறியாநங்கை வேலியில் இருந்தால் பாம்பு வராது, தின்றால் விஷம் ஏறாது என்று நம்பி, கடிபட்டவனை உட்கார வைத்து இலையை மென்று தின்னச் சொல்லும்போது கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுடைய உயிரில் கழிகிறது. கரும்பு வெட்டுகிறவனும் கடலை பறிக்கிறவளும்தான் கடிபடுகிறார்கள். மாடி வீட்டு மிராசுதாரர் கடிபடுவதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்து உண்டு. அதைச் செய்வதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர் மக்கள்! அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. காட்டு மக்களின் உண்மையான அறிவு அந்த ஊசியில் இருக்கிறது. மந்திரிக்கிறவனுடைய பையில் இல்லை. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கட்டவோ கீறவோ செய்யாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள்.

மில் தொழிலாளி விஷயத்தில் வீட்டு வைத்தியம் வேறொரு விதத்தில் ஏமாற்றுகிறது. தூதுவளை ரசம் குடித்தும் ஆடாதோடை தின்றும் இருமல் நிற்கவில்லை என்கிறார் ஒரு தோழர். வார லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சை அடைக்கிறதா, புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலையா என்று கேட்க வேண்டும். அப்படியானால் அது சளி அல்ல, பஞ்சுத் தூசி. பிஸினோஸிஸ் என்ற பெயரில் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலேயே இடம் பெற்ற தொழில் நோய். வருஷக் கணக்கில் விட்டால் நுரையீரல் திரும்ப வராது. இதற்கு மூலிகை கரட்டில் கிடையாது. தூசியை உறிஞ்சும் இயந்திரம் முதலாளியின் செலவில் வர வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955லேயே கோவைக்கு வந்தது. நம் சம்பளத்தில் பிடித்தம் செய்கிற பணத்துக்கு நெஞ்சுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது யாசகம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையும் அவசியம். காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து ஈரோட்டுக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் போகிற நம் பெண் பிள்ளைகளின் கதி என்ன? 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைக் கண்டு பேசியது. மாத விலக்கு வலிக்கு வேலைத் தலத்தில் பெயர் கூட இல்லாத மாத்திரையைக் கொடுத்து, மிஷினை விட்டு எழுந்திருக்காமல் வேலை வாங்கியதை அவர்கள் சொன்னார்கள். வீட்டில் இருந்தால் அம்மா வெந்தயமோ சுக்குத் தண்ணீரோ கொடுத்துப் படுக்கச் சொல்லியிருப்பாள். அந்த வைத்தியத்தில் பாதி வேலையைச் செய்வது வெந்தயம்; மறு பாதியைச் செய்வது ஓய்வு. ஓய்வைத்தான் முதலாளி தரமாட்டான்.

முழங்கால் வலி நம் மாவட்டத்தின் தனிச் சொத்தாகிவிட்டது. முடக்கத்தான் தோசை நல்லதுதான். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு மூட்டு இறுகி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறினால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அது எலும்பில் படிகிறது. படிந்த பின் அதை எடுக்க மருந்து இல்லை. இதற்காகத்தானே 1928 கோடியே 80 லட்சம் ரூபாய்ச் செலவில், ஜப்பான் கடனுடன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல் துவக்கி வைத்தார்கள்? குழாயில் காவிரி வராத நாளில் போர்வெல்லைத் திறந்தால் பழைய கதைதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார் 2002ல் வெளியிட்ட சோதனையில், புளி சேர்த்துச் சாப்பிட்ட பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது தெரிந்தது. புளி உடைத்தே விரல் தேய்ந்த நம் பெண்களுக்கு இது சந்தோஷமான சேதி. என்றாலும் புளியைக் காட்டிக் குழாய்த் தண்ணீரை மறக்கடிக்க நாம் விட மாட்டோம். மூட்டு வலிக்குச் சந்தையில் பொட்டலப் பொடி விற்கிறவனிடமும் எச்சரிக்கை! உடனே வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிப் பல முறை பிடிபட்டிருக்கிறது.

மூலிகை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்னும் பாக்கி. புண்ணுக்கு மஞ்சள் பூசுவதைத் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995ல் பேடன்ட் வாங்கியது. நம் நாட்டு விஞ்ஞான ஸ்தாபனம் பழைய நூல்களைச் சாட்சி காட்டி வழக்காடி, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. வெளிநாட்டான் போய்விட்டான், சரி, உள்நாட்டான்? "ஆயுர்வேதம்" என்ற பெயரால் தீராத நோயெல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்த பதஞ்சலி கம்பெனி, 2024ல் சுப்ரீம் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததை நாடு பார்த்தது. மூலனூர்ப் பக்கம் விளையும் செங்காந்தள் விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியாகிறது. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கும் கூலிப் பெண்ணுக்குத் தினக் கூலி. விலையை நிர்ணயிப்பவன் வியாபாரி. அந்தக் கிழங்கோ கொடிய விஷம். "இயற்கையானது தீங்கு செய்யாது" என்று சொல்லுகிறவர்களுக்கு அதை ஞாபகப்படுத்துவோம்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று பழமொழி சொல்வார்கள். கொடுக்கத்தான் ஆசை, எண்ணெய் விற்கிற விலையில் கூலி எங்கே எட்டுகிறது?

மதுரைப் பக்கம் தோப்பூர் என்று ஓர் ஊர். அங்கே எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டட வேலை துவங்கவே ஐந்து வருஷம் பிடித்தது. நம் ஊர் தொப்பூர். எழுத்தில் ஒரு சுழிதான் வித்தியாசம். நமக்கு எய்ம்ஸ் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் டாக்டர் இருக்கட்டும், பாம்புக்கடி மருந்து இருக்கட்டும், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் தீராமல் இருக்கட்டும். சித்த வைத்தியருக்கும் அதே கூரையின் கீழ் ஓர் அறையும், சோதித்து முத்திரையிட்ட அரசு மருந்தும் கொடுக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குக் கூலி வெட்டு இருக்கக் கூடாது என்று சங்கம் பேசட்டும். மே தினத்தன்று கிராம சபை கூடும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் மகஜரோடு போங்கள். ஊரின் ஒவ்வொரு போர்வெல்லிலும் ஃபுளோரைடு எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.