சாப்பாடு வேறு, சம்பந்தம் வேறா?

முழுக்கோழியை எப்படிப் பக்குவம் பண்ணிச் சுடுவது என்று எழுதப்போகிறேன். சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் சமையல் குறிப்புக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். யார் சமைத்தது, எந்தப் பாத்திரத்தில் சமைத்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது என்ற கேள்விகள் ஒட்டாத ஒரு கவளம் சோறுகூட இந்த நாட்டில் கிடையாது. அதனால் கோழிக்கும் இங்கே இடம் உண்டு. முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். இந்த வீடு கிடைப்பதற்குமுன் ஒன்பது வீடு பார்த்தேன். "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்பதுதான் பல வாசல்களில் முதல் கேள்வி. அது சமையலறையைப் பற்றிய கேள்வி இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் சாம்பார் வழியாகக் கேட்கிறார்கள். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு பாய் வீட்டு மாடி கிடைத்தது. மொட்டை மாடியும் எனக்கே. அங்கேதான் ஆறு வருடமாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு கோழி சுடுகிறேன்.

முறையைச் சொல்கிறேன். கோழிக்கடையில் கேட்காமல் விட்டால் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள். "முழுசா வேணும், தோலோட வேணும், வயித்தை மட்டும் சுத்தம் பண்ணுங்க" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோல் இல்லாத கோழி நெருப்பில் காய்ந்து நாராகிவிடும். ஒன்றேகால் கிலோ எடை போதும். அதற்கு மேலே போனால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும்.

முதல் வேலை உப்பு. அதைச் சனிக்கிழமை இரவே செய்ய வேண்டும். கோழியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கிலோவுக்கு 12 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு என்ற கணக்கில் வெளியிலும், வயிற்றுக்குள்ளும், விரலை விட்டு நெஞ்சுத் தோலுக்கு அடியிலும் தடவி, மூடாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். உப்பு முதலில் கறியிலிருந்து தண்ணீரை இழுக்கும். பிறகு அந்தத் தண்ணீரில் கரைந்து, அதோடு கறிக்குள்ளேயே திரும்பப் போகும். அப்படி உப்பு ஏறிய கறி, நெருப்பில் தன் சாற்றை அவ்வளவு எளிதாக விடாது. தோலும் காய்ந்து மொறுமொறுப்பாக வரும். "உப்பு முந்தியே ஏறணும்டா, வெந்தப்புறம் போட்டா மேலதான் நிக்கும்" என்பார் என் அம்மா. பள்ளிக்கூடம் பார்க்காதவர் சொன்னதுதான் இந்த விஞ்ஞானம் முழுக்க.

காலையில் மசாலா. ஊறவைத்த காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, மல்லி, மிளகு, சோம்பு எல்லாவற்றையும் அரைத்து, மஞ்சளும் கெட்டித் தயிரும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கலக்க வேண்டும். கோழியின் தொடையில் எலும்பு வரை இரண்டு கீறல் போட்டு, மசாலாவைக் கீறலுக்குள் தேய்க்க வேண்டும். தயிரின் புளிப்பு மெதுவாக வேலை செய்யும். நாலைந்து மணி நேரம் ஊறலாம். எலுமிச்சையை மட்டும் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் ஊறினால் மேல்கறி மாவு போல் ஆகிவிடும். மறுபடி உப்பு வேண்டாம்.

முதுகெலும்பைக் கத்தரியால் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்சை அழுத்திக் கோழியைத் தட்டையாக விரித்தால் தொடையும் நெஞ்சும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். கரியோடு கொஞ்சம் கொட்டாங்கச்சியும் சேர்த்துப் பற்றவைத்து, கங்கு வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகுதான் கோழியை வைக்க வேண்டும். கங்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, கோழியை மறுபக்கம் எலும்பு கீழாக வைத்து மூடிவிட்டால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் தோல்பக்கத்தை நேர் கங்கில் காட்டலாம். தொடையின் ஆழத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்தவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் விட்டால் சாறு தட்டில் ஓடாது.

இவ்வளவையும் நான் எங்கே கற்றேன்? விழுப்புரம் பக்கம் எங்கள் சேரியில். அம்மா நாட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கி, மஞ்சள் பூசி, வைக்கோலைக் கொளுத்தி அதில் வாட்டுவார். மிச்சமிருக்கும் பூமுடியெல்லாம் பொசுங்கி, தோல் இறுகி, ஒரு வாசம் வரும். அந்த வாசம் ஊர்த்தெருப் பக்கம் போனால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "சேரி நாத்தம்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் கோழி வாட்டினார்கள். அதற்கு அந்தப் பெயர் இல்லை. இன்று அதே புகைவாசத்துக்கு உணவகங்களில் தனி விலை.

முழுக்கோழிக்கு இன்னொரு குணம் உண்டு. குழம்பில் யாருக்கு எந்தத் துண்டு போனது என்பது கரண்டி பிடித்தவருக்கு மட்டும்தான் தெரியும். முழுக்கோழியை நடுவில் வைத்துப் பிய்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தொடை இரண்டுதான். எங்கள் வீட்டில் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மூத்த மகனான எனக்கு. கழுத்தும் முதுகெலும்பும் அம்மாவுக்கு. "எனக்குக் கழுத்துதான் புடிக்கும்" என்று அம்மா சொல்லுவார். முப்பது வயது வரை அதை நான் நம்பினேன். ஊர்த்தெரு எங்களுக்குச் செய்ததைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, என் தட்டில் இருந்த தொடையைப் பற்றிப் பேசத் தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாடிக்கு வருகிற நண்பர்கள் ஆறு பேர், பல சாதிக்காரர்கள். ஒரே தாம்பாளத்தில் கோழியை வைத்துக் கையால் பிய்த்துத் தின்போம். அதைப் பெரிய சாதனை என்றே நினைத்திருந்தேன். நினைத்ததில் தவறும் இல்லை. சேர்ந்து தின்பதற்கு அடி வாங்கிய வரலாறு நம்முடையது. 1917இல் கேரளத்தின் செறாயில் புலையர்களோடு சேர்ந்துண்ணும் மிச்ரபோஜனம் நடத்திய சகோதரன் அய்யப்பனை அவருடைய சொந்தச் சாதியினரே "புலையன் அய்யப்பன்" என்று பழித்தார்கள். அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத்தான் 1920களில் தமிழ்நாடே கொந்தளித்தது. 1957இல் சென்னையில் ஓர் உணவு விடுதிப் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற ஒற்றைச் சொல்லை நீக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள்.

அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2018ஐ நினைவூட்டுகிறேன். அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் கொடுத்து, மாட்டை வெளியே நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள்.

ஆம்பூர் செய்தியைப் படித்த அன்று என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். என் மாடியில் ஏன் எப்போதும் கோழி? மாட்டுக்கறி எனக்குப் பிடித்த கறி. ஆனால் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அதை அங்கே சுட்டதில்லை. யாரும் தடுக்கவில்லை, நானே தவிர்த்தேன். ஆறு பேரும் வரவேண்டும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. கோழி என்றால் யாருக்கும் சங்கடமில்லை. சாதி அனுமதிக்கிற கறியைத்தான் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பந்தி என்னுடையது, பட்டியல் அவர்களுடையது.

இனி எழுதத் தயங்கிய பகுதி. அந்த ஆறு பேரில் ஒருவரின் தங்கையும் என் சித்தப்பா மகனும் காதலிக்கிறார்கள். இருவரும் படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், இருபத்தைந்தைத் தாண்டியவர்கள். விஷயம் தெரிந்ததும் நண்பர் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. "தப்பா எடுத்துக்காத. நான் உன் தட்டுலயே சாப்பிட்டவன், எனக்கு சாதி எல்லாம் கிடையாது. ஆனா சாப்பாடு வேற, சம்பந்தம் வேற. தம்பிகிட்ட நீ பேசு" என்றார்.

அந்த இரவுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வருடத்தில் அவர் என் வீட்டில் எழுபது முறையாவது சாப்பிட்டிருப்பார். நான் அவர் வீட்டில் சாப்பிட்டது மூன்று முறை. மூன்று முறையும் ஓட்டலில் வாங்கிவந்த பிரியாணி, பொட்டலத்தோடு. அவர்கள் வீட்டுத் தட்டை நான் பார்த்ததே இல்லை. அவர் என்னோடு சாப்பிட்டது பொய் இல்லை. ஆனால் அது அவருக்குச் சாதியைக் கைவிடும் செயலாக இருக்கவில்லை. சாதி இல்லாதவர் என்று காட்டிக்கொள்ள ஒரு சான்றிதழாக இருந்தது. அந்தச் சான்றிதழை மாதம் தவறாமல் புதுப்பித்துக் கொடுத்தவன் நான்.

அண்ணல் அம்பேத்கர் இதை 1936லேயே சொல்லிவிட்டார். லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதி, நிகழ்த்த விடாமல் தடுக்கப்பட்ட "சாதி ஒழிப்பு" உரையில், சமபந்தியால் சாதி உணர்வு சாகவில்லை, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்று தெளிவாக எழுதினார். நாம் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பக்கத்தை மட்டும் கடந்து போய்விடுகிறோம். சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் கோயில்களில் அமைச்சர்களும் அதிகாரிகளும் பொதுவிருந்தில் உட்காருகிறார்கள். அதே ஊர்களில் சாதி மறுத்துக் காதலிப்பவர்கள் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள். 2015இல் கோகுல்ராஜ். 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில், பட்டப்பகலில், சங்கர். இவர்களைக் கொன்றது பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பதற்காக அல்ல.

அதற்காகச் சேர்ந்து உண்பதை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. அதை முடிவாக எண்ணாதீர்கள் என்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற நண்பர்களிடம் கேட்கிறேன்: உங்கள் வீட்டு அடுப்படியில் எங்களைச் சமைக்க விடுவீர்களா? அந்தச் சோற்றை உங்கள் அம்மாவும் அப்பாவும் உங்கள் வீட்டுத் தட்டிலேயே போட்டுச் சாப்பிடுவார்களா? கோழிக்குப் பதில் மாட்டுக்கறி வைத்தால் அடுத்த மாதமும் வருவீர்களா? உங்கள் தங்கை எங்கள் தம்பியைக் கைப்பிடித்தால், வேறு எதையும் செய்யாவிட்டாலும், தடுக்காமலாவது இருப்பீர்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் "உங்க வீட்ல நான் சாப்பிட்டிருக்கேன்" என்று யாரும் இனி என்னிடம் சொல்ல வேண்டாம். சாப்பிட்டதற்கு நன்றி. அதற்கு மேல் அதில் பெருமை இல்லை.

தம்பியிடம் நான் பேசினேன், நண்பர் கேட்டபடி அல்ல. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்தால் சுயமரியாதைத் திருமணத்துக்குப் புரோகிதரும் வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை என்பதை எடுத்துச் சொன்னேன். பாதுகாப்புக்கு யாரை அணுகுவது என்று வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். நாள் குறித்தாகிவிட்டது. நாளையும் இடத்தையும் இங்கே எழுத முடியாத நிலையில்தான் பெரியார் பிறந்த மண் இருக்கிறது.

மாலை, உறுதிமொழி, பதிவு. பிறகு எங்கள் மாடியில் விருந்து. அன்று கோழியோடு மாட்டுக்கறியும் உண்டு. கோழித் தொடையில் முதலாவது அம்மாவுக்கு. கழுத்து எனக்கு. நண்பருக்கும் சொல்வேன், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. வந்தால் அவருக்கும் தட்டு உண்டு. இந்த முறை அவர் சாப்பிட வருவது நண்பன் வீட்டுக்கு அல்ல, தங்கை வீட்டுக்கு. அப்போதும் என் தட்டில் கை வைக்கிறாரா என்று பார்ப்போம்.