காகிதம் கேட்டால் கோபம் ஏன்?

பனியன் முதலாளி ஒருவர் தொந்தி குறைய வேண்டுமென்று உடற்பயிற்சிக் கூடத்தில் சேருகிறார். பயிற்சியாளர் முதல் நாளே ஒரு காகிதத்தை நீட்டுகிறார். வாரத்துக்கு எத்தனை நாள், மாதம் எவ்வளவு கட்டணம், இவர் என்ன சொல்லித் தர வேண்டும், அவர் என்ன செய்ய வேண்டும், நடுவில் நின்றால் கட்டிய பணம் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இருவரும் கையெழுத்திடுகிறார்கள், ஆளுக்கொரு நகல். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்தில் இருந்தால்தான் இரு தரப்புக்கும் பொறுப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும். சரியான காரியந்தான், நாம் குறை சொல்லவில்லை.

அதே முதலாளியிடம், பத்து வருஷம் மெஷினில் உட்கார்ந்த டெய்லர் ஒருவர், "எனக்கும் ஒரு காகிதம் கொடுங்கண்ணா" என்று கேட்டுப் பார்க்கட்டும்! உடனே என்ன பதில் வருகிறது? "ஏப்பா, எம்மேல நம்பிக்கை இல்லியா? நாமெல்லாம் ஒரு குடும்பமாட்டத்தானே இருக்கறோம்?"

தொந்திக்கு ஒப்பந்தம் உண்டு. வயிற்றுக்கு ஒப்பந்தம் கிடையாது! இதுதான் முதலாளி வர்க்கத்தின் நியாயம்.

இந்தக் குடும்பப் பாசத்தின் லட்சணத்தை நல்லூரிலேயே கண்டோம். கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒன்பது வருஷம் செக்கிங்கில் நின்ற ஒரு சகோதரிக்கு வேலை நேரத்தில் கை நசுங்கிவிட்டது. கம்பெனிக்குப் போனோம். "அந்தம்மா காண்ட்ராக்டர் ஆள்" என்றார்கள். காண்ட்ராக்டரிடம் போனோம். "அந்தம்மா என்கிட்ட வேலையே பார்க்கவில்லை" என்றார். சம்பளச் சீட்டு இல்லை, இ.எஸ்.ஐ. எண் இல்லை, நியமனக் கடிதம் இல்லை. ஒன்பது வருஷ உழைப்பு ஒரே நாளில் காற்றோடு போயிற்று! வாய்ச்சொல் யாருக்கு லாபம் என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

முதலாளிகளுக்குக் காகிதமே பிடிக்காது என்று எண்ணிவிட வேண்டாம். முன்பணம் கொடுத்தால் எழுதி வாங்குகிறார்கள். வேலைக்குச் சேரும்போது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறவர்களும் உண்டு. தொழிலாளியைக் கட்டும் காகிதம் இனிக்கிறது. தன்னைக் கட்டும் காகிதம் கசக்கிறது. ஆகவே, "காகிதம் வந்தால் நாம் மாட்டிக்கொள்வோம்" என்று அஞ்சும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: ஒரு தரப்பை மட்டும் கட்டுவது ஒப்பந்தமல்ல, விலங்கு. இரண்டு தரப்பையும் கட்டுவதே ஒப்பந்தம்.

காடு தோட்டங்களில் பாடுபடும் விவசாயத் தொழிலாளர்களே, இது மில்காரர்களின் பிரச்னை மட்டுமல்ல. கீழத்தஞ்சையில் பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த மிராசுதார்களும் "எங்கள் பிள்ளைகள்" என்றுதான் உறவு கொண்டாடினார்கள். தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் சங்கம் எழுந்தது. 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் எழுத்தில் வந்தது. சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது என்று மிராசுதார்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவர்கள் மறுநாளே திருந்திவிட்டார்களா? இல்லை. ஆனால் மீறினவனைத் தட்டிக் கேட்கக் கையில் ஒரு பிடி கிடைத்தது. மேலும் போராடினார்கள், 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

நம் திருப்பூரிலும் அதே பாடந்தான். 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் நம் பனியன் தொழிலாளர்கள். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற வழக்கம் தானாக நிலைத்ததல்ல; பட்டினி கிடந்து நிலைநிறுத்தியது. இன்று காண்ட்ராக்ட், பீஸ் ரேட் என்ற கொல்லை வழியாக அந்த ஒப்பந்தத்திலிருந்து நழுவப் பார்க்கிறார்கள்.

இந்த நேரத்தில் டெல்லி சர்க்கார் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 முதல் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலாக்கி, "எல்லோருக்கும் நியமனக் கடிதம்" என்று தம்பட்டம் அடிக்கிறது. கடிதம் வரட்டும், கேட்டு வாங்குவோம். ஆனால் மறு கை என்ன பறிக்கிறது என்பதையும் பாருங்கள். வேலை நேரம், விடுப்பு, தண்டனை ஆகியவற்றை எழுதி வைக்கும் நிலையாணைகள், 1946ம் வருஷச் சட்டப்படி 100 பேர் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்குக் கட்டாயமாக இருந்தன. புதிய தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. 20 தொழிலாளர்களை வைத்திருந்தாலே காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றிருந்தது. அது 50 ஆகிவிட்டது. நல்லூரைச் சுற்றி 300 பேர் வேலை செய்யும் கம்பெனிகள் எத்தனை? நீங்களே எண்ணிப் பாருங்கள்! ஒரு காகிதத்தைக் காட்டிவிட்டு இரண்டு காகிதங்களைக் கிழிக்கிறார்கள்.

நியமனக் கடிதம் தனி ஆளின் கையில் இருக்கிறது. மீறினால் அந்தத் தனி ஆளே போய் நிற்க வேண்டும். சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ ஆயிரம் பேர் காவல் காக்கும் காகிதம். காவலில்லாத காகிதம் பொட்டலம் கட்டத்தான் உதவும்!

ஆகவே தோழர்களே, நியமனக் கடிதம் கேளுங்கள். வாரா வாரம் சம்பளச் சீட்டு கேளுங்கள். பீஸ் ரேட்டை வேலை தொடங்குமுன் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட மறுத்துவிடுங்கள். இவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் வெளியே அனுப்புவார்கள். மொத்தமாகக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள். சங்கத்தில் சேருங்கள், சேர்ந்து கேளுங்கள்!

நம்பிக்கை உள்ளவன் கையெழுத்துக்கு அஞ்சமாட்டான். அஞ்சுகிற முதலாளியை நாம் ஏன் நம்ப வேண்டும்?