ஏணியா, மரமா?

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். தம்பி கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். அவன் நோட்டைப் புரட்டிய நான் திடுக்கிட்டேன். யூஸ்தெனாப்டெரான், டிக்டாலிக், அகாந்தோஸ்டீகா, இக்தியோஸ்டீகா என வரிசையாக எழுதி, இடையிடையே அம்புக்குறி இட்டிருந்தான். சதைத் துடுப்பு மீன் பாட்டனாம்; கால் பெற்ற விலங்கு பேரனாம்! "யாரடா சொல்லிக் கொடுத்தது?" என்றேன். "உங்கள் பழைய நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன், அண்ணா" என்றான். அந்த அம்புகளுக்கு முழு மதிப்பெண் பெற்றவன் நான்!

அம்புகளில் என்ன பிழை? 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் கிடைத்தது. வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள். செதிலும் செவுளும் மீனுக்குரியவை, கழுத்தோ நிலவிலங்குக்குரியது. இன்ன காலத்துப் பாறையில் இது கிடைக்க வேண்டும் என்று கணித்து, தேடிக் கண்டனர் நீல் ஷூபின் குழுவினர். அறிவியலின் வெற்றி அன்றோ அது!

ஆனால் 2010இல், போலந்தின் சாகெல்மியே கற்சுரங்கத்தில் 39 கோடி ஆண்டுப் பழமையான காலடித் தடங்கள் உள்ளதாக அறிவித்தனர். அவை காலடிகள்தாமா என்று ஐயுறுவாரும் உண்டு. காலடிகளே என்றால், பாட்டன் எலும்பைவிடப் பேரன் காலடி பழையதாகிறது! எப்படிப் பொருந்தும்? டிக்டாலிக் பாட்டன் அன்று, பழைய சாயலை நெடுநாள் காத்துவந்த பெரியப்பா வீட்டுக் கிளை என்றால் பொருந்தும்.

அம்பு இன்னொரு பொய்யும் சொல்கிறது. மீன் கரையேற விரும்பிக் கால் பெற்றதைப்போலத் தோன்றச் செய்கிறது. கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டீகாவுக்கு முன்காலில் எட்டு விரல்கள். கூடவே செவுளும் உண்டு. நிலத்தில் உடலைத் தாங்கும் வலிமை அக்கால்களுக்கு இல்லை. நீரிலேயே கால் வந்தது. நிலத்தில் நடை பின்னர் வந்தது.

"தேர்வுக்கு அம்புதான் எளிது" என்பர் நண்பர்கள். உண்மைதான். ஆனால் அம்பை மட்டும் கற்றவன் போலந்துச் செய்தியைக் கேட்டதும், பரிணாமமே பொய் என்று சொல்லிவிடுவான். மரத்தைக் கற்றவனோ, கிளை இன்னும் கீழிருந்தே பிரிந்திருக்கிறது என்று திருத்திக் கொள்வான். ஏணியில் ஒரு படி முறிந்தால் ஏறியவன் விழுவான். மரத்தில் கிளை கூடினால் மரம் செழிக்கும்.

தம்பியும் நானும் அம்புகளை அழித்து, கிளைகள் வரைந்தோம். நண்பர்களே, பழைய நோட்டுகளை இளையவர்க்குக் கொடுத்துச் செல்லும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. கொடுக்குமுன் ஒருமுறை திருத்திக் கொடுங்கள். நம் மதிப்பெண்ணோடு நம் பிழையும் அவர்களுக்குப் போக வேண்டாம்.