பொம்மைப் புத்தகமும் நமது இலக்கியப் பெரியவர்களும்

நமது பிரதேசத்து இலக்கியக் கூட்டங்களில் ஒரு நூலைக் கொன்றுவிட இரண்டு வார்த்தைகள் போதும். ஒன்று, 'இது வெறும் கற்பனை'. மற்றது, 'இது படக்கதை'. முதலாவதைச் சொன்னால் அந்த நூலுக்குச் சமூகப் பொறுப்பு இல்லை என்று அர்த்தம். இரண்டாவதைச் சொன்னால் அது நூலே இல்லை என்று அர்த்தம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்த இரண்டு தீர்ப்புகளையும் பல தடவை கேட்டுவிட்டேன். அண்மைக் காலத்தில் நான் வாசித்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரு வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு மேன்முறையீடு செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லாப் படக்கதையும் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து கொமிக்ஸ் கொண்டு வந்த இரும்புக்கை மாயாவி நம்மில் பலரை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையிலிருந்து ஓடி ஓடி வாசிக்கும் நிலைக்குக் கொண்டு சேர்த்தவன். அந்த நன்றி எனக்குண்டு. அதற்காக அவனைக் காவிய நாயகன் என்று சொல்ல மாட்டேன். முகமூடி வீரர் மாயாவியை இன்று திரும்ப வாசித்தால் வயிறு எரிகிறது. ஆபிரிக்கக் காட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் குந்தியிருப்பார். காட்டின் சொந்தக்காரர்கள் அவரைச் சுற்றிக் காவல் நிற்பார்கள். குடியேற்றக்காரனின் பகற்கனவு இது. ஞாபகம் தொலைத்த ஒருவனின் கதையான 'ரத்தப் படலம்' தொடங்கிய வேகத்துக்கு ஆறேழு பாகங்களோடு முடிந்திருக்க வேண்டியது. சதிக்குள் சதி என்று இழுத்து இழுத்து, நாயகனோடு சேர்த்து வாசகனுக்கும் ஞாபகம் தப்பிவிடுகிறது.

ஆக, தராதரம் பார்க்கத்தான் வேண்டும். நான் கேட்பது இதுதான்: சிறுகதைக்கும் கவிதைக்கும் பார்க்கிற அதே தராதரத்தைப் பாருங்கள். வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

'வெறும் கற்பனை' என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐம்பது, அறுபதுகளில் முற்போக்கு அணியினர் யதார்த்தவாதத்தை முன்வைத்தார்கள். வயற்காரனும் கரைவலைக்காரனும் தறிக்காரனும் நமது கதைகளுக்குள் தலைநிமிர்ந்து வந்தது அதனால்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காலத்தின் தேவையாக இருந்தது எல்லாக் காலத்துக்குமான சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்திலும் நேர்மை இல்லை. மார்க்வெஸின் நாவலில் ஒரு பெண் படுக்கை விரிப்போடு வானத்துக்கு எழுந்து போனால் அது 'மாந்திரிக யதார்த்தம்'. அதற்குக் கருத்தரங்கு வைப்போம். நமது கல்முனைச் சோலைக்கிளி 1988இல் 'எட்டாவது நரகம்' என்று தொகுதிக்குப் பெயர் வைத்தார். அவரது கவிதைகளில் எதுவும் எதுவாகவும் மாறும். அதைக் கொண்டாடினோம், கொண்டாடியது சரியே. கவிதைக்கும் லத்தீன் அமெரிக்கருக்கும் கொடுத்த அனுமதியை நமது பிள்ளைகள் வாசிக்கும் மாயக்கதைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

ஹாரி பொட்டர் தமிழில் கிடைக்கிறது. அதில் வருவது அசல் ஆங்கிலேய விடுதிப் பாடசாலை. அங்குள்ள சாப்பாடும் விளையாட்டும் நமது பிள்ளைக்கு அந்நியம். ஆனால் முதற் பாகத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. பார்ப்பவரின் மனதில் ஆழக்கிடக்கும் ஆசையைக் காட்டும் கண்ணாடி. அநாதைப் பையன் அதில் இறந்துபோன தாயையும் தகப்பனையும் காண்கிறான். அடுத்தடுத்த இரவுகளிலும் அதன் முன்னால் போய்க் குந்திக்கொள்கிறான். கனவிலேயே கிடந்து வாழ மறந்துவிடாதே என்று தலைமையாசிரியர் அவனை எழுப்பிவிடுகிறார். சுனாமியில் உம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை வகுப்பில் இருந்த காலத்தில் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டியவன் நான். சாதாரணமாகச் சந்தையாய் இரையும் வகுப்பு அது. அன்று ஒரு சத்தமும் இல்லை. 'யதார்த்தத்திலிருந்து தப்பி ஓடும் இலக்கியம்' என்பவர்களிடம் கேட்கிறேன்: அந்தப் பிள்ளை தப்பி ஓடினானா, தன் துயரத்தின் முன்னால் முதன்முதலாக நின்றானா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த மாயக்கதை வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கிய சரக்கல்ல. முஃஜிஸாத்துகளை நான் இந்தப் பேச்சுக்குள் கொண்டு வரவில்லை. அவை ஈமானோடு சம்பந்தப்பட்டவை. நான் சொல்வது கிஸ்ஸாக்களையும் படைப்போர் இலக்கியங்களையும். சைத்தூன் கிஸ்ஸாவில் வாளெடுத்துப் போருக்கு வரும் இளவரசியை நமது மூத்தம்மாமார் 'சமூகப் பொறுப்பு உண்டா' என்று கேட்டு ஒதுக்கிவிடவில்லை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையடித்துக்கொள்ளும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் சித்திலெவ்வை மரைக்கார் எழுதியது. அதில் கண்டி வீதியா வருகிறது? எகிப்தில் பிறந்து, கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒரு பிள்ளையின் சாகசக் கதை அது. அந்தப் பெயரை நீக்கிவிட்டு இன்றைய போட்டி ஒன்றுக்கு அனுப்பினால், 'மண்வாசனை இல்லை' என்று நமது நடுவர்கள் முதற் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

படத்தின் விடயமும் அப்படித்தான். 1560களில் தொடங்கிச் சுமார் பதினைந்து ஆண்டுகள் அக்பரின் சித்திரக்கூடம் 'ஹம்ஸாநாமா'வை வரைந்தது. ஏறத்தாழ 1,400 ஓவியங்கள். ஹம்ஸாவின் பெயரில் புனையப்பட்ட அந்தக் கதையில் அரக்கர்கள் உண்டு, பறவை நாகங்கள் உண்டு, மாயக்காரர்கள் உண்டு. பெரிய துணியில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் கதை. உலகத்தின் பெரிய படக்கதைகளில் ஒன்று முஸ்லிம் அரசவையில் பிறந்திருக்கிறது என்பது நமது பிள்ளைகளுக்குத் தெரியாது. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், தெரியும். உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி அல்லன். எதையுமே வரையாமல் பேணுதலாக இருப்பவரை மதிக்கிறேன். ஆனால் கல்யாண வீட்டு வீடியோவிலும் தேர்தல் சுவரொட்டியிலும் காணாத பேணுதல், ஒரு பிள்ளையின் சித்திரக் கொப்பியைக் கண்டதும் மட்டும் எங்கிருந்து வருகிறது?

'படக்கதை நூலே அல்ல' என்ற இரண்டாவது தீர்ப்புக்கு வருகிறேன். ஈரானியப் பெண் மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' தமிழிலும் வந்திருக்கிறது. ஹிஜாபைப் பற்றிய அவரது பார்வை முழுவதையும் நான் ஏற்கவில்லை. நமது வாசகர் சிலர் முதல் அத்தியாயத்தோடு நூலை மூடிவிட்டதும் அதனால்தான். மூடியவர்கள் இழந்தது அதிகம். வியன்னாவில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் ஈரானியரை இழிவாகப் பேசியபோது அதே சிறுமிதான் பதிலடி கொடுத்து வெளியேற்றப்படுகிறாள். நூலில் ஒரு பக்கம் உண்டு. மேலே, கழுத்தில் சொர்க்கத்தின் சாவி என்று கொடுக்கப்பட்ட பிளாஸ்டிக் சாவி தொங்க, கண்ணிவெடியில் தூக்கி வீசப்படும் ஏழைச் சிறுவர்கள். கீழே, தெஹ்ரானில் ஒரு வீட்டில் துள்ளி ஆடும் வசதியான பிள்ளைகள். இரண்டு படத்திலும் கைகால்கள் ஒரே மாதிரி அந்தரத்தில் விரிந்திருக்கின்றன. வர்க்க வேறுபாடு பற்றி நாம் எழுதிய கட்டுரைகள் எத்தனை? அந்த ஒரு பக்கத்துக்கு அவை ஈடாகுமா?

ஜோ சக்கோவின் 'பலஸ்தீன்' 1990களில் வெளிவந்தது. விசாரணைக் கைதி ஒருவரின் கதையில், நாட்கள் நகர நகரப் பக்கத்திலுள்ள பெட்டிகள் எண்ணிக்கையில் கூடி, அளவில் சிறுத்துக்கொண்டே போகும். வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். சிறையறை என்ற சொல்லே தேவையில்லை, பக்கமே சிறையறையாகிவிடுகிறது. பலஸ்தீனுக்காக நாம் எழுதிய கவிதைகள் ஏராளம். அவற்றில் பல கண்ணீரோடு நின்றுவிட்டன. சக்கோ அங்கே போய், தேநீர் குடித்து, கேட்டு, குறித்து, ஒவ்வொரு சேற்றுத் தெருவையும் வரைந்தார். ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1992இல் புலிட்சர் விருது பெற்றது. அதன் பிறகும் இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல என்னிடம் நேரமில்லை.

இனி நமது வீட்டுக்கு வருவோம். 2019இல் 'வன்னி' என்ற படநாவல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லிண்ட்சே பொலொக். சுனாமியால் வீடிழந்த ஒரு தமிழ்க் குடும்பம் முகாம் முகாமாய் ஓடி, இறுதிப் போருக்குள் அகப்படுவதைச் சொல்லும் நூல். நேர்மையான உழைப்பு. 2022இல் ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' புக்கர் பரிசு பெற்றது. செத்துப்போன படப்பிடிப்பாளன் ஆவியாக அலைந்து, எண்பதுகளின் இறுதியில் நடந்த கொலைகளுக்குக் கணக்குக் கேட்கிறான். கேலி சில இடங்களில் அளவு மீறுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் உயிரோடிருந்தவன் வாய் திறக்க முடியாது, செத்தவன்தான் பேசலாம். ஆகவே அங்கே மாயம் ஒரு விளையாட்டல்ல. உண்மையைச் சொல்ல அதுவே வழி.

இரண்டையும் மூடி வைத்தபோது எனக்குள் எழுந்தது பொறாமையல்ல, வெட்கம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தது நமக்கு நடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகள் துடைத்தெடுக்கப்பட்டன. இவற்றைக் கவிதையிலும் சிறுகதையிலும் நாம் எழுதாமலில்லை. ஆனால் 2004க்குப் பின் பிறந்தவன் இன்று பாடசாலையை முடித்துவிட்டான். அவனுக்கு அந்தக் காலைப்பொழுது எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? ஆண்டுக்கொரு தடவை துஆப் பிரார்த்தனையும் நினைவு மலரும் மட்டும்தானா?

அவன் வாசிப்பதில்லை என்று மேடை மேடையாகக் குறைபடுகிறோம். வாசிக்கத் தயாராக இருப்பதைப் பறிப்பவர்களும் நாம்தான். வகுப்பு மூலையில் நான் அடுக்கி வைத்திருந்த கொமிக்ஸ்களை, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் 'பாடத்திட்டத்துக்குப் புறம்பானவை' என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். அந்த மூலைக்கு இடைவேளையில் ஓடி வந்த பிள்ளைகள் அதன்பின் வேறு புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. கையடக்கத் தொலைபேசியைத் தேடிப் போனார்கள்.

நான் கேட்பவை பெரிய காரியங்களல்ல. பாடசாலை நூலகங்களிலும் பொது வாசிகசாலைகளிலும் நல்ல படக்கதைக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள். பரிசுக்கு நூல் தெரிபவர்கள் கற்பனைக் கதையையும் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத் தள்ளுங்கள். இந்தச் சஞ்சிகை உட்பட நமது இதழ்கள் இதழுக்கு நான்கு பக்கத்தைச் சித்திரக்கதைக்குக் கொடுக்கட்டும். எழுதத் தெரிந்தவரையும் வரையத் தெரிந்த பிள்ளையையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் போதும். மருதமுனைத் தறியில் கோலம் போட்ட கைகளின் வாரிசுகளுக்குக் கோடு இழுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதையும் செய்ய மனமில்லையென்றால் ஒன்று மட்டும் நிச்சயம். நமது கடற்கரையின் கதையை என்றோ ஒருநாள் தூரத்திலிருந்து வரும் ஒருவர் வரைவார். நாம் அதற்கு அறிமுக விழா வைத்து, பொன்னாடை போர்த்தி, 'இதை நம்மவர் யாரும் செய்யவில்லையே' என்று மேடையில் வருந்துவோம். அந்த உரையை இப்போதே எழுதி வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.