ஓடுமுன் நிற்கக் கற்போம்

பழைய கார்களைப் பேணி ஓட்டுவோரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. முன் சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் பொருத்தலாமா, கூடாதா என்பதே அது. "பழமையைக் கெடுக்காதே" என்பர் ஒரு சாரார். "உயிரைவிடப் பழமை பெரிதோ?" என்பர் மறு சாரார். பொருத்தலாம் என்பதே என் கருத்து. ஆனால் அளவறிந்து, முறையறிந்து பொருத்த வேண்டும்.

இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் காரையே சான்றாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்த இக்கார் இலங்கைத் தமிழர்க்கும் நன்கு பழக்கமானது. 1962-ல் இதன் எஞ்சினை 948 சி.சி.யிலிருந்து 1098 சி.சி.யாக உயர்த்தினர். அப்போதே முன் பிரேக் டிரம்மின் விட்டத்தையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். வலிமை கூடினால் தடையும் கூட வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே செய்து காட்டியபின், பழமையின் பெயரால் நாம் மறுப்பது முறையாகுமா?

முன் சக்கரத்திற்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு? பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களையே சாரும். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. வேகம் இரு மடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. மலைச்சாலையில் இறங்கும்போது சிறிய டிரம் சூடேறி விரியும். லைனிங் பிடிப்பை இழக்கும். எவ்வளவு மிதித்தும் வண்டி எளிதில் நில்லாது. பெரிய டிரம்மில் இரும்பு அதிகமாதலால் வெப்பத்தைத் தாங்கும். ஆரம் கூடுவதால், அதே அழுத்தத்திற்குத் தடுக்கும் வலிமையும் கூடும். டிஸ்க் பிரேக்கோ காற்றுப்பட இருப்பதால் இன்னும் விரைவில் ஆறும்.

எனினும், பெரிதாக வாங்கிப் பூட்டிவிட்டால் போதும் என்பார் கூற்றை ஏற்பதற்கில்லை. இறுதியில் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வே. டயர் தேய்ந்திருந்தால், பெரிய பிரேக் சக்கரத்தை நிறுத்தும். வண்டியோ சறுக்கிக்கொண்டே போகும். முன் பிரேக் மட்டும் மிஞ்சினால் முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனிராது. டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன்களுக்கு அதிக எண்ணெய் தேவைப்பட்டால் பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாது. பெடல் ஆழமாக இறங்கும். டிரம்மில் அதன் சுழற்சியே ஷூவை மேலும் அழுத்தித் தரும். டிஸ்கில் அவ்வுதவி இல்லை. காலுக்கு வேலை கூடும், அல்லது சர்வோ வைக்க வேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் இருக்கும் பிரேக்கைச் சீராக்குக: லைனிங், ஹோஸ், சிலிண்டர், எண்ணெய், டயர் ஆகிய அனைத்தையும் பார்க்க. அடுத்துப் பெரிய பிரேக்கை, அதற்கு இசைந்த மாஸ்டர் சிலிண்டருடன், அறிந்த மெக்கானிக்கின் கையால் பொருத்துக. எஞ்சினின் வலிமையைக் கூட்டுவது அதற்கும் பிறகே. வலிய எஞ்சினை இன்று வைத்துவிட்டு, "பிரேக்கைப் பிறகு பார்ப்போம்" என்பதைப் போன்ற பேதைமை வேறில்லை. அந்தப் பிறகு வருமுன் சாலையின் குறுக்கே ஒரு குழந்தை வரலாம்.

நண்பர்களே! காரின் பழமை அதன் உரிமையாளருக்குப் பெருமை தரலாம். சாலையோ அனைவருக்கும் பொது. அங்கே நடந்து செல்வோரின் உயிருக்கு நாம் செலுத்தும் மரியாதையே நல்ல பிரேக்.