கைபடாத விஞ்ஞானம்

வாவிக்கரை வயலில் நெற்பயிர் கருகினால் உழவன் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: நிலத்தில் உப்பு ஏறிவிட்டதா, இல்லையா? இக்கேள்விக்கு மேடைப் பேச்சு விடையளிக்காது. வாய்க்கால் நீரில் ஒரு போத்தல் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறத் தொடங்கும் அந்த ஒரு துளியிற் கையை நிறுத்தத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். அந்தக் கை எங்கே பழகுகிறது என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றுக் காரணமாக நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் மூடப்பட்டன. விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. பல்கலைக்கழகத் தளங்களைப் பார்ப்பதற்கான கட்டணத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் தள்ளுபடி செய்தன. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோதும் மாணவர் மீண்டும் கைத்தொலைபேசித் திரைக்கே அனுப்பப்பட்டனர்; அவ்வாண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களும் இருந்தன.

அந்த இடர்க்காலத்தில் இணையவழிக் கல்வி செய்த உதவியை நாம் குறைத்துக் கூறவில்லை. வளாகத்தின் கதவுகள் மூடப்படுவது எம் மண்ணுக்குப் புதிதன்று. 1981 ஓகஸ்ட் முதலாம் நாள் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், 1990இல் அகதிகளின் புகலிடமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவேயில்லை. அந்நாளில் மாணவனுக்கு வீட்டிலிருந்து பாடங் கேட்கும் வழி எதுவும் இருக்கவில்லை. இன்று இருக்கின்றது. கிடைத்த வழியை வெறுப்பது அறிவுடைமையாகாது.

ஆயினும், விரிவுரை வேறு; செய்முறை வேறு. ஒரு தாக்கத்தின் சமன்பாட்டைத் திரையில் விளக்கலாம். அணுவின் அமைப்பைப் படமாக அசைத்துக் காட்டலாம். நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவிலே தொடங்கிய கணினி மாதிரிப் பரிசோதனைகளிற் சில தமிழிலும் கிடைக்கின்றன. அவை மிக நல்லவை. ஆனால் கணினியில் உள்ள அளவியின் நுனியில் வளிக்குமிழி சிக்குவதில்லை. அதன் குழாய் ஒழுகுவதில்லை. அதிலுள்ள கரைசல் பழுதாவதுமில்லை. உண்மையான ஆய்வுகூடத்தில் இவையெல்லாம் நேர்கின்றன. மூன்று முறை அளந்து மூன்று விடை வரும்போது, எது பிழை, ஏன் பிழை என்று மாணவன் தானே தேடுகிறான். அந்தத் தேடலுக்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர். பிறர் செய்த பரிசோதனையின் படத்தைப் பார்த்து, பிறர் எடுத்த அளவுகளைக் கொண்டு அறிக்கை எழுதுபவன் கணக்குப் பழகுகிறான், அளக்கப் பழகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எம் முன்னோர் சொன்னதும் இதுவே.

இது பழைமை விரும்பிகளின் பிடிவாதம் என்று எவரும் எண்ணவேண்டா. தொலைக்கல்வியையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். 1969இல் நிறுவப்பட்ட பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், விஞ்ஞான மாணவருக்கு நூல்களோடு பரிசோதனைப் பெட்டியையும் தபாலில் அனுப்பியது. சிறியதொரு நுணுக்குக்காட்டியும் அதனுடன் சென்றது. அதுவும் போதாதென்று, கோடையில் ஒரு வாரம் அவர்களை ஆய்வுகூடங்களுக்கு அழைத்தது. எம் நாட்டுத் திறந்த பல்கலைக்கழகமும் விஞ்ஞான மாணவரைச் செய்முறைக்கு நேரில் வரச் சொல்கிறது. தொலைவிலிருந்து கற்பிக்க நன்கறிந்தவர்களே கைவேலையை விட்டுக்கொடுக்கவில்லை என்றால், இடர்க்காலத்தில் அவசரமாகக் கற்றுக்கொண்ட நாம் விட்டுக்கொடுக்கலாமா?

இதனால் உழவனுக்கு வரும் நட்டமென்ன என்று கேட்போருக்கு 2021ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, சீனாவிலிருந்து சேதனப் பசளை தருவிக்க ஒப்பந்தம் செய்தது. அப்பசளையின் மாதிரிகளிற் பயிருக்குத் தீங்கு செய்யும் பற்றீரியாக்கள் உள்ளன என்று தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவை அறிவித்தது. விற்ற நிறுவனம் அம்முடிவை மறுத்தது. வாக்குவாதம் இரு நாடுகளின் பிணக்காயிற்று. கப்பல் சரக்கை இறக்காமலே திரும்பியது. ஆயினும் 2022 சனவரியிற் பெருந்தொகை டொலர் கொடுத்தே இலங்கை பிணக்கைத் தீர்த்தது. இத்தனை பெரிய விவகாரத்தின் அடியில் இருந்தது ஆய்வுகூடத்தில் ஒரு சிறு கண்ணாடித் தட்டு. அதைத் தூய்மை கெடாமற் கையாளவும், அதில் வளர்ந்தது இன்னதென்று கண்டறியவும், மறுப்பவர் முன் நிலைநிறுத்தவும் பயின்ற கைகள் வேண்டும். நாளை உன்னிச்சையிலோ நவகிரியிலோ பயிருக்கு நோய் வந்தால், அந்தக் கைகளை எங்கே தேடுவது?

இன்னொன்றும் உண்டு. இன்று பட்டம் பெறுபவன் நாளை படுவான்கரைப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியன். தான் தொட்டறியாத கருவியை அவன் மாணவனுக்கு எவ்வாறு தொடக் கொடுப்பான்? அலுமாரி பூட்டியே கிடக்கும். ஓர் ஆண்டின் குறை ஒரு தலைமுறையின் குறையாகிவிடும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்; கணிதமும் ஒலியியலும் துணைக்கொண்டு பண்டை யாழ்களை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டவர். அவர் பிறந்த நாட்டில் விஞ்ஞானம் மனப்பாடமாய்க் குறுகுவதை நாம் பார்த்திருக்கலாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, மாணவன் தன் கையாற் செய்து முடிக்காத செய்முறைப் பாடத்துக்குப் புள்ளி வழங்கலாகாது; பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதனை விதியாக்க வேண்டும். இரண்டாவது, எக்காரணத்தால் வளாகம் மூடப்பட்டாலும், திறந்தவுடன் மாணவரைச் சிறு குழுக்களாக அழைத்து, விடுதி வசதியும் கொடுத்து, தவறிய பரிசோதனைகளைச் செய்விக்க வேண்டும். மூன்றாவது, திரையை ஆய்வுகூடத்தின் வாயிலாகக் கொள்ள வேண்டும். பரிசோதனையின் முறையை முன்னாளே வீட்டிற் பார்த்து வருபவன், கிடைக்கும் மூன்று மணி நேரத்தையும் வேலையிற் செலவிடுவான். நான்காவது, தீங்கற்ற எளிய கருவிகளை மாணவருக்கு இரவல் கொடுக்க வேண்டும். மாரியில் முகத்துவாரம் வெட்டப்படுமுன்னும் பின்னும் வாவி நீரின் உப்பை அளந்து குறிக்கும் மாணவனுக்கு, அவன் வீட்டு வாசலே ஆய்வுகூடமாகும்.

இதற்குப் பணம் வேண்டும் என்பதை அறிவோம். இரசாயனப் பொருட்கள் விலையேறிவிட்டன, கருவிகளும் பழையன. திரை மலிவானது. மலிவானது என்பதற்காகவே அதனை நிரந்தரமாக்கிவிடும் எண்ணம் ஆட்சியாளருக்கு எழக்கூடும். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் கமக்காரரும் ஒருமித்து இப்போதே குரல் கொடுத்தால் அந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளிவிடலாம். வாவி நீரில் உப்பு எவ்வளவு என்று உழவன் கேட்கும்போது, அளந்து சொல்ல இவ்வூர்ப் பிள்ளை ஒருவன் இருக்க வேண்டும்.